ஐவியின் பவுடர் டப்பா

எந்த நேரத்தில் பூட்டினாரோ, நார்மன் அந்த எஞ்சினை நட்டு நட்டாகக் கழற்றிப் புதுசாக்கி முடித்ததும் அது ஒழுக ஆரம்பித்துவிட்டது. முப்பத்தி நாலாம் வருஷத்துக் கார். இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், அடியில் விரித்த அட்டையில் காலைதோறும் கறுப்பாக ஒரு எண்ணெய் வட்டம் காத்திருக்கும்.

மனைவி ஐவி கண்ணை மூடியதிலிருந்து வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனுக்கே பதில் சொல்லப் பழகிவிட்டார் மனுஷர். மகள் ஜூடித் தெற்கே கடற்கரை ஊரான போர்ன்மத்தில் இருந்தாள். "ஒழுகல் நின்னதும் கார வித்துட்டு ஒன்கூட வந்துடறேம்மா" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒழுகுகிற வண்டியை ஒருத்தன் தலையில் கட்ட அவருக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய சிநேகிதர் செட்ரிக் வருவார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல், மீன் வறுக்கிற கடை மாடியில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளுகிறவர்.

"ஒழுகினா ஒழுகட்டுமேடா கிழவா! நம்ம ஊரு வண்டி ஒழுகலேன்னா உள்ள எண்ணெயே இல்லேன்னு அர்த்தம்" என்று சிரிப்பார்.

"ஒனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு வேலை தெரிஞ்ச கை போயிடுச்சுடா" என்பார் நார்மன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். எஞ்சின் அடித்தட்டில் கசிவை அடைக்கிற கார்க் பட்டையை மாற்றினார். பின்பக்கத்து ஆயில்-சீல் வளையத்தை மாற்றினார். குளிர்ந்த சிமெண்டில் மல்லாந்து படுத்து முதுகு போனதுதான் மிச்சம்.

எண்ணெய் பொல்லாதது. ஓர் இடத்தில் கசியும், விசிறிக் காற்றில் பின்னால் வழிந்து வேறெங்கோ போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதற்கு ஒரே வழி பவுடர். எஞ்சினைக் கழுவித் துடைத்து மேலே பவுடரைத் தூவி ஓடவிட்டால், கசிகிற இடத்தில் வெள்ளை கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் இருந்தது ஐவியின் லாவண்டர் பவுடர் ஒன்றுதான். குளியலறை அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. சில நாள் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, யாரோ பார்த்துவிட்ட மாதிரி அவசரமாக மூடி வைப்பார். கடையில் புதுசு வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவருக்குப் பொறுமை போயிருந்தது. "கோவிச்சுக்காதடி" என்று சொல்லிவிட்டுத் தூவினார்.

எஞ்சின் ஓடியது. பின்மூலையில், எண்ணெய் அழுத்த மானிக்குப் போகிற மெல்லிய செப்புக் குழாயின் நட்டைச் சுற்றி வெள்ளை கறுத்தது. அட, இவ்வளவுதானா! ஸ்பேனரை வைத்து அரைச் சுற்று இறுக்கினார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கை போகவில்லை என்று துள்ளிய மனசு அடுத்த நிமிஷமே சுருங்கிவிட்டது. இனி போர்ன்மத் போகவேண்டியதுதான். மகள் வீடு மூன்றாவது மாடி, ஷெட்டும் கிடையாது. செட்ரிக்கும் அங்கே வரப்போவதில்லை.

அப்போதுதான் அந்தப் பித்தளை நட்டின் முனைகளைக் கவனித்தார். பளபளவென்று புதுக் கீறல்கள் இருந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. அவர் அதை ஒரு தடவை பூட்டியதும், இன்று அரைச் சுற்று இறுக்கியதும்தான். சீச்சீ, அப்படியெல்லாம் இருக்காது என்று தலையை உதறிக்கொண்டார். உதறிவிட்டு, டப்பாவில் மிஞ்சியிருந்த பவுடர் முழுவதையும் அந்த நட்டின்மேல் கொட்டினார்.

மறுநாள் செட்ரிக் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டப் பொட்டலத்தோடு வந்தார். அவரை ஷெட்டில் விட்டுவிட்டு நார்மன் டீ போட உள்ளே போய், வேண்டுமென்றே தாமதித்தார். செட்ரிக் சமையலறை வாசலில் வந்து நின்றபோது வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. பை ஓரத்தில் வெள்ளையாகப் பவுடர். ஆள் உள்ளே நுழையுமுன்பே ஐவியின் வாசனை நுழைந்துவிட்டது.

"கைய வெளிய எடுடா."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

நார்மன் டீக் கெட்டிலை ணங்கென்று வைத்தார். "பாவி! என் கை போயிடுச்சுன்னு நான் ராத்திரியெல்லாம் தூங்கலடா. நட்டத் தளத்தி விட்டது நீயா?"

செட்ரிக் தலை நிமிரவில்லை. "நீ போயிட்டா ஞாயித்துக்கெழமைய நான் என்னடா பண்ணுவேன்?"

சுவரில் போன் அடித்தது. ஞாயிறுதோறும் அந்த வேளைக்கு ஜூடித் கூப்பிடுவாள்.

"நின்னுச்சாப்பா?"

நார்மன் எதிரில் நின்றவரைப் பார்த்தார். அவரிடம் மூடியைத் திறந்து முகர ஒரு டப்பாகூட இருந்ததில்லை.

"இல்லம்மா. இன்னும் ஒழுகுது. எஞ்சினையே எறக்கணும்போல இருக்கு" என்றார். அவள் சலித்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு மெதுவாகப் போனை வைத்தார்.

செட்ரிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழாயடிக்குப் போனார். "கைய அலம்பிட்டு வந்துடறேன்."

"அலம்பாதடா" என்றார் நார்மன். "டப்பா காலியாயிடுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே உட்காரு."