கடைசிப் பக்கத்துக் குறி

படிச்ச கதை மறந்துபோனா என்ன குடியா முழுகிப்போச்சுன்னு நீங்க கேட்கலாம். எங்க அக்காவைப் பார்த்திருந்தா கேட்க மாட்டீங்க.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசுல ஆரம்பிச்சது. முதல்ல அடுப்புல வெச்ச பாலை மறந்தா. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழியை. இப்போ நான் போய் நின்னா, "நீங்க எந்த வீட்டுப் பொண்ணும்மா?"ன்னு மரியாதையாக் கேட்கிறா. என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ. எனக்கு இப்போ ஐம்பத்தாறு.

நானும் எங்க வீட்டுக்காரரும் சலவைக்கடை வெச்சிருக்கோம். நான் மெஷின் பக்கம், அவர் இஸ்திரி மேசை. மத்தியானம் துணிகளை வீடு வீடாக் கொண்டுபோய்க் கொடுக்கிறதும் அவர்தான். அந்த நேரத்துல நான் கடையை விட்டு நகர முடியாது. எந்தத் துணி யாருதுன்னு தெரியறதுக்கு, காலருக்கு உள்பக்கம் அழியாத மையில ஒரு குறி போடுவோம். ஆளுக்கொரு குறி. எங்க வீட்டுத் துணிக்கு ஒரு வட்டம், அதுக்குள்ள ரெண்டு புள்ளி. கல்யாணமான புதுசுல அவர் போட்டது, முப்பத்தோரு வருஷமா மாறல.

போன வருஷம் ஒரு துணி மூட்டைக்குள்ள நூலகப் புத்தகம் ஒண்ணு வந்துச்சு. நல்லவேளை, தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி பார்த்தேன். ஒரு சுத்து துவைச்சு முடிய நாற்பது நிமிஷம் ஆகும், சும்மாதானே உட்கார்ந்திருக்கோம்னு பிரிச்சேன். மெஷின் நின்னு அரைமணி நேரமாகியும் நான் எழுந்திருக்கல. அதைத் திருப்பிக் கொடுக்கப் போனவ, உறுப்பினர் அட்டையோட வந்தேன்.

"இந்த வயசுல என்ன, பரீட்சை எழுதப் போறியா?"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

"ஆமா, பாஸ் பண்ணி உங்களுக்கு மேலதிகாரியா வரப் போறேன்"னேன்.

அதோட விடுவாரா மனுஷன்? கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், "உள்ள ஒரு பண்டிதர் இருக்காங்க, பார்த்துப் பேசுங்க"ன்னு நக்கல். நான் அவர் சட்டைக்குக் கஞ்சியைக் கூடுதலாப் போட்டேன், கழுத்தை அறுக்கட்டும்னு.

அந்த நூலகத்துல ஒரு வழக்கம் உண்டு. படிச்சதையே மறுபடி தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு, படிச்சு முடிச்சதும் கடைசிப் பக்கத்தோட கீழ்மூலையில பென்சிலால ஒரு சின்னக் குறி போட்டுக்குவாங்க. ஓய்வுபெற்ற தபால்காரர் மீன் போடுவார். தையல்காரம்மா ஊசி போடுவாங்க. நூலகத்து அம்மா கண்டுக்க மாட்டாங்க. "பேனா எடுத்தாத்தான் கையை முறிப்பேன்"னுவாங்க. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. வட்டம், ரெண்டு புள்ளி. மத்தபடி என்ன படிச்சேன், எப்போ படிச்சேன்னு ஒரு துண்டுச்சீட்டுல கூட எழுதி வெக்கல. சந்தோஷத்துக்குப் படிக்கிறதுக்கு எதுக்குக் கணக்கு?

அதுதான் வினையாப் போச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு புத்தகத்தை எடுத்து, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினா, வட்டம், ரெண்டு புள்ளி. முன்பக்கம் வந்து நாலு பக்கம் படிச்சுப் பார்த்தேன். ஒரு வரி ஞாபகமில்ல. தூக்கக் கலக்கத்துல படிச்சிருப்பேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். போன மாசம் இன்னொண்ணு. அன்னிக்கு எதையும் எடுக்காமலே திரும்பிட்டேன்.

இன்னிக்குக் காலையில அட்டையைப் புதுப்பிக்கப் போனேன், ஒரு வருஷம் முடிஞ்சுடுச்சே. முன்னட்டையில படகுப் படம் போட்ட ஒரு புத்தகம் மேசை மேல இருந்துச்சு. கை தானா கடைசிப் பக்கத்துக்குப் போச்சு. மறுபடி என் குறி. இப்படி ஒரு படகை நான் கனவுல கூடப் பார்த்ததில்ல. பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். "ஆமாம்மா, நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க"ன்னு அந்த அம்மா சொல்லிட்டா? அந்தத் தைரியம் எனக்கில்ல. புதுப்பிக்காமலே வந்துட்டேன். நாளைக்கு மறக்கப் போறவளுக்குப் புத்தகம் ஒரு கேடா?

மத்தியானம் மெஷினைப் போட்டுட்டு, ஒரு வருஷத்தையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ரயிலைத் தவறவிட்டு, காத்திருப்பு அறையிலேயே கல்யாணம் பேசி முடிச்ச ரெண்டு குடும்பம். தன் வீட்டுச் சாவியைத் தொலைச்ச பூட்டுக்காரன். அதுக்குச் சிரிச்ச சிரிப்புல சோப்புத்தூள் டப்பாவையே தட்டிவிட்டேன். நாயைத் தேடி மலையேறின கிழவி. அதுக்கு அழுது, வாடிக்கையாளர் போர்வையில மூக்கைத் துடைச்சேன். நல்லவேளை, துவைக்காத போர்வை. முப்பத்திநாலு கதை, ஒண்ணுவிடாம வந்துச்சு. அந்த மூணு மட்டும் வரவே இல்ல. அக்காவுக்கும் இப்படித்தானே? பழசெல்லாம் பளிச்சுன்னு இருக்கும், நடுவுல நடுவுல ஓட்டை.

சாயங்காலம் அவர் வந்து சைக்கிளை நிறுத்தினதுதான் தாமதம், உடைஞ்சு அழுதுட்டேன். "ஏங்க, எனக்கும் அக்கா மாதிரி ஆயிடுச்சுங்க. நான் படிச்ச புத்தகத்துல என் குறி இருக்கு, படிச்சது எனக்கே தெரியல. மூணு புத்தகம். நாளைக்கு உங்களைப் பார்த்து யாருன்னு கேட்பேன், என்னைத் திட்டாதீங்க."

கிண்டல் பண்ணுவார்னு நினைச்சேன். மனுஷன் முகம் வெளுத்துப்போச்சு. இஸ்திரிப் பெட்டியை எடுத்தார், வெச்சார், மறுபடி எடுத்தார்.

"எந்தப் புத்தகம்?"

"படகுப் படம் போட்டது."

இஸ்திரிப் பெட்டியை ஓரமா வெச்சார். "அந்தப் படகுக்காரன் கடைசியில கரைக்கு வந்துடுவான். அவன் தம்பிதான் விளக்கை ஏத்தி வெச்சிருப்பான்."

எனக்கு ஒண்ணும் புரியல. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் படிச்சேன். மூணையும்." குத்தவாளி மாதிரி நின்னார். "அந்தப் பூட்டுக்காரன் கதைக்கு அப்படிச் சிரிச்சியே. என்னதான் இருக்குன்னு, நீ திருப்பிக் கொடுத்தப்புறம் போய்ப் படிச்சேன். அதுல நம்ம குறி இருந்துச்சு. அப்புறம் துணி கொடுத்துட்டுத் தினம் ஒரு மணி நேரம் அங்கதான் உட்கார்றேன். கிண்டல் பண்ணின வாயால எப்படிடி சொல்றது? நூலகத்து அம்மாகிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சி வெச்சிருந்தேன்."

"அப்போ தினம் லேட்டா வந்துட்டு, ரோட்டுல நெரிசல், நெரிசல்னு சொன்னதெல்லாம்?"

"அந்த நெரிசல்தான்."

"பாவி மனுஷா! படிச்சீங்க, சரி. என் குறியை எதுக்குப் போட்டீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்விதான் அவருக்குப் புரியல. "வேற என்ன குறி போடுவேன்? நம்ம வீட்டுக்கு அந்தக் குறிதானே?"

ஈரத்துணிக் குவியல் மேலயே தொப்புன்னு உட்கார்ந்து அழுதேன். நெஞ்சுல ரெண்டு மாசமா ஏறி உட்கார்ந்திருந்தது ஒரே மூச்சுல இறங்கிப்போச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல. அக்கா முகம் ஞாபகத்துக்கு வந்து, இவ்வளவு சந்தோஷப்பட வெக்கமாவும் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை போய்ப் பக்கத்துல உட்காரணும், யாருன்னு கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

அவர் ஒரு துண்டை நீட்டினார். முகத்தைத் துடைக்கும்போதுதான் சுருக்குனு உறைச்சது.

"ஏங்க, கரைக்கு வந்துடுவான்னு முடிவையே சொல்லித் தொலைச்சீங்களே! அதை நான் இனிமேதானே படிக்கணும்!"

கத்தி முடிச்சப்புறம்தான் நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. அவர் என்னையே பார்த்தார்.

"ஆமா"ன்னேன், மெதுவா. "இனிமேதான் படிக்கணும்."