சார்கோனின் மகளுக்கு முடி திருத்தியவன்

திங்கட்கிழமை வந்தால் யோகராஜாவைப் பிடித்துவைக்க ஏலாது. லண்டன் மனோர் பார்க்கில் அவருடைய ஸலூனுக்கு அன்றைக்கு லீவு. மனிசன் இடியப்பத்தை அரையும் குறையுமாய் விழுங்கிவிட்டு, இருபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் ஏறி மியூசியத்துக்குப் போய்விடுவார். மெசப்பொத்தேமியா அறையில்தான் பகல் முழுக்க. சொந்தக்காரரைப் பார்க்கப் போறியளோ என்று மனைவி கலாவதி நக்கலடிப்பாள். அவருக்கு அது உள்ளூரப் பிடிக்கும்.

சொந்தம்தான், ஒருவகையில். சொந்த ஊரான கொக்குவிலில் ஏ.எல். வகுப்புப் படித்த காலத்தில் விஜயரத்தினம் வாத்தியார் அக்காடியப் பேரரசைப் பாடமாய்ப் படிப்பிக்கவில்லை, கதையாய்ச் சொன்னார். பெற்றவள் சார்கோனை நாணல் கூடையில் வைத்து, தாரால் அடைத்து, ஆற்றில் விட்டாளாம். தண்ணீர் இறைக்கிற ஒருவன் எடுத்து வளர்த்தானாம். தோட்டக்காரனாய் இருந்து, கீஷ் அரசனுக்குக் கிண்ணம் ஏந்தி, கடைசியில் உலகத்தின் முதல் பேரரசையே ஆண்டான். என் தகப்பனை நான் அறியேன் என்று அவன் சொன்னதாய்க் களிமண் பலகையில் எழுத்து உண்டு. அதைக் கேட்டதும் கடைசி வாங்குப் பலகையில் இருந்த யோகராஜாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தகப்பனைத் தெரியாதென்று சொல்லிவிட்டும் ராசாவாய் இருக்கலாம் போலிருக்கே, அடேயப்பா!

அவருக்குத் தன் தகப்பனை நன்றாய்த் தெரியும். ஊருக்கும் தெரியும், அதுதான் கரைச்சல். மரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாய்ப் போய் முடி வெட்டுகிற மனிசன். ஊர் அவரைச் சாதியின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. பள்ளிக்கூட மதிலோரம் அந்தச் சைக்கிள் வந்தால் மகன் கொப்பியால் முகத்தை மறைத்துக்கொள்வான். அது தெரிந்து தகப்பன் மணியடிக்காமல் போவார். ஐயோ, அதை நினைத்தால் யோகராஜாவுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

பிறகு நாட்டில் சண்டை, பரிஸ், பதினொரு வருஷம் கழித்து லண்டன். இங்கே ஸலூன் வைத்தால் அது பிஸ்னஸ், ஒருவரும் மூக்கைச் சுளிக்கமாட்டார்கள். ஆனால் ஊரில் நீ ஆற்றை மோன், யாருடைய மகன் என்று கேட்பார்கள். நம்முடைய சனம் எதையெதையோ விட்டுவிட்டு ஓடிவந்தது, அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாய்க் கட்டிக்கொண்டு வந்தது. தொழில் பரிஸில் பழகினது, அப்பா ஊர்க் கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர் என்று யோகராஜா சொல்லிவைத்தார். சொல்லிச் சொல்லி அதுவும் பழகிப்போச்சு.

இரண்டாயிரத்தைந்தில் மகள் தனுஷியாவுக்குக் கலியாணம் ஒத்துவந்தது. பொடியன் துஷாந்தன், தங்கமான பிள்ளை, இரண்டு பேரும் விரும்பினவர்கள். அவனுடைய தகப்பன் கோபாலகிருஷ்ணன் சவுத்தாலில் இருந்தாலும் பிறந்தது கொக்குவிலில்தான், பத்து வயதில் கொழும்புக்குப் போனவர். சனிக்கிழமை முடி வெட்ட வாறன், கார்ட்டுக்குப் பேர்களையும் எழுதித் தாங்கோ என்று போன் பண்ணினார். கலியாணக் கார்ட்டில் 'காலஞ்சென்ற இன்னாரின் பேத்தி' என்று போடவேண்டும். உண்மையைச் சொன்னால் கலியாணம் குழம்பலாம். இல்லாத கிளாக்கரைப் போட்டால், பெற்றவரை அச்சடித்தே இல்லாமல் ஆக்கினது மாதிரி. யோகராஜாவுக்கு நித்திரை போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமையும் மியூசியத்துக்குப் போனார். எத்தனையோ தரம் கடந்துபோன கண்ணாடிப் பெட்டிதான். உள்ளே விரல் நுனியளவில் உருளையாய் ஒரு முத்திரைக் கல். பக்கத்தில் இருந்த குறிப்பை அன்றைக்குத்தான் ஒழுங்காய் வாசித்தார். சார்கோனின் மகள் என்ஹெடுவானா, ஊர் என்ற நகரத்தில் நிலாக் கடவுளின் தலைமைப் பூசாரி. இது அவளுக்கு முடி திருத்தியவனின் முத்திரை, பேர் இலும்-பலிலிஸ். அவர் மூன்று தரம் வாசித்தார். சார்கோனின் தலைநகர் அக்காத் எங்கே கிடக்கிறதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. முடி திருத்தியவனோ தன் பேரையும் தொழிலையும் கல்லிலே வெட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறான், நாலாயிரம் வருஷத்துக்கு மேலாய் அழியவில்லை. அவன் வெட்கப்படவில்லையே, நான் ஏன் வெட்கப்பட்டன் என்று அந்த இடத்திலேயே நின்று அழுதார்.

சனிக்கிழமை கோபாலகிருஷ்ணன் வந்து கதிரையில் இருந்தார். கொக்குவில் பழங்கதைகள் பேசியபடி, உங்கடை அப்பா கச்சேரியில் எந்தப் பகுதி என்று சாதாரணமாய்த்தான் கேட்டார். யோகராஜாவின் கத்தரிக்கோல் நின்றது. மகளின் முகம் மனதில் வந்தது.

"அண்ணை, அப்பா கிளாக்கர் இல்லை. கொக்குவிலிலை வீடு வீடாய்ப் போய் முடி வெட்டினவர். எனக்குத் தொழில் பழக்கினதும் அவர்தான். இனி உங்கடை விருப்பம்."

கோபாலகிருஷ்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தலை வெட்டினபடி, எழும்பிப் போகவும் ஏலாது. மிச்சத்தை வெட்டுங்கோ என்றார். வெட்டி முடிந்ததும் கோபாலகிருஷ்ணன் கதையைத் தொடங்கினார். கொக்குவிலில் தங்கள் வீட்டுக்கும் மாதாமாதம் மரப்பெட்டி கட்டின சைக்கிளில் ஒருவர் வருவாராம். முன்வாசலால் விடமாட்டார்களாம், பின்பக்கம் கிணற்றடியில் வைத்துத்தான் வெட்டுவிப்பார்களாம். சின்னவனாய் இருந்த தனக்குக் கத்தரிக்கோல் பயமென்று, நோகாமல் காதை மடித்துப் பிடித்து, கதை சொல்லிச் சொல்லி வெட்டுவாராம். போர்த்தின துணிக்குள்ளால் கையை எடுத்து, சேட் பொக்கற்றில் இருந்த கடதாசியையும் பேனையையும் எடுத்தார்.

"நான் கொழும்புக்குப் போகுமட்டும் அவர்தான் எனக்கு வெட்டினவர். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஒருநாளும் பேர் கேக்கேல்லை. அவற்றை பேர் என்ன?"

யோகராஜா அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம்.

"சின்னத்தம்பி" என்றார். "வல்லிபுரம் சின்னத்தம்பி."

கோபாலகிருஷ்ணன் அதை அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாய் எழுதினார்.