ஆறு நட்டு

கிறிஸ்டோபர் தம்பியின் ஆஸ்பத்திரிக் காகிதத்தை நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் செருகி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அந்தத் தம்பி சின்னதுரை, கம்பெனியில் நடக்கவிருந்த திருட்டு விசாரணைக்குச் சட்டை மாட்டியபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏல தொரை, களவாணின்னா நாலு மாசத்துல மறந்துருவானுவ. மெண்டல்னு ஒரு சொல்லு வந்துட்டா ஸ்டெல்லாவ எவன்ல கெட்டுவான்?"

தங்கை ஸ்டெல்லாவுக்குக் கட்கியில் மாப்பிள்ளை பார்த்து, அடுத்த மாதம் கல்யாணம். சின்னதுரையின் மனைவி ஜோசபின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிறிஸ்டோபர் முறைத்த முறைப்பில் அடங்கிப்போனாள்.

சின்னதுரை சோம்பேறி இல்லை. புத்திதான் ஒரு கிளையில் நிற்காது. ஆகுர்டிக் கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் மெஷினுக்கு அச்சு மாட்டும் வேலை. ஆறு போல்ட்டை முறுக்க வேண்டும். நாலாவதை முறுக்கும்போது யாராவது கூப்பிட்டால் போதும். ஐந்தாவது முறுக்கியாயிற்றா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இதற்கு முன் ரஞ்சன்காவில் இரண்டு கம்பெனிகள் இதற்காகவே வீட்டுக்கு அனுப்பின. பள்ளியில் பிரம்பு, வீட்டில் 'கவனங்கெட்டவன்', கம்பெனியில் வசவு. முப்பத்தாறு வயதுவரை தன்னைத் தானே நொந்துகொள்ளாத நாளில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மராத்தி டாக்டரம்மாதான் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு, இது சின்ன வயதிலிருந்தே உள்ள கவனக் கோளாறு, வளர்ந்தவர்களுக்கும் இருக்கும், உன் குற்றமில்லை என்று இந்தியில் சொன்னார். மாத்திரை எழுதினார். மூளை மறப்பதைக் கையை நினைவில் வைக்கச் சொல் என்றார். அன்றிலிருந்து இடது பையில் கம்பெனி நட்டு ஆறு. ஒரு போல்ட் முறுக்கியதும் ஒரு நட்டு வலது பைக்குப் போகும். இரண்டு மாதம் ஒரு பிசகு இல்லை. சூப்பர்வைசரே தோளில் தட்டினார்.

வேலை முடிந்ததும் நட்டுகளை லாக்கரில் வைக்க வேண்டும். போன வாரம் அதைத்தான் மறந்தான். கேட்டில் காவலாளி பையைத் தடவி, "ஹே காய் ரே, மத்ராசி?" என்று, இது என்னடா என மராத்தியில் அதட்டி, ஆறையும் மேசையில் கொட்டினான்.

வேலையிடத்தில் இவர் நினைவுக்குறி வைத்துக்கொள்ள அனுமதிக்கவும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். அதைக் காட்டினால் தீர்ந்தது. காகிதமோ வேதப்புத்தகத்துக்குள் கிடந்தது. விசாரித்த ஆபீசர் ஸ்வாமிநாதன் தமிழர்தான்; எதற்கு எடுத்தாய் என்று மூன்று தரம் கேட்டார். சின்னதுரை, திருடினேன் என்று எழுதிக் கொடுத்தான். ஏழு நாள் சஸ்பெண்ட். திரும்பி வரும்போது சட்டை, பாண்ட் பைகளையெல்லாம் தைத்து மூடிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜோசபின் பைகளைத் தைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா வேதமுத்து வந்தார். சேதி அவருக்கும் எட்டியிருந்தது. கிறிஸ்டோபருக்கு வேர்த்தது. பெரியவரோ காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"கம்பெனியில கை வைக்காதவன் யாருவே? எடுத்தது எடுத்தாரு, ஒரு மோட்டாரா எடுத்திருக்கக் கூடாதா?"

கிறிஸ்டோபர்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். சின்னதுரையின் விரல்கள் தொடைமேல் ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றில் வழி தெரியாமல் நின்றன. நாளைக்கு அந்த மெஷின் முன்னால் வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஒரு போல்ட் தளர்ந்தால் அச்சு தெறிக்கும். அவன் கையா, பக்கத்தில் நிற்பவன் தலையா என்று அது பார்க்காது.

ஸ்டெல்லா அண்ணனின் விரல்களைப் பார்த்தாள். எழுந்துபோய் வேதப்புத்தகத்தை விரித்தாள். காகிதத்தைக் கொண்டுவந்து வேதமுத்துவின் டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"எங்க சின்னண்ணன் களவாணி இல்ல, மாமா. நோயாளி. இது ஆஸ்பத்திரிக் காயிதம். நாளைக்கு இது கம்பெனிக்குப் போவுது."

"ஏட்டி..." என்று கிறிஸ்டோபர் எழுந்தான்.

வேதமுத்து காகிதத்தைத் தொடவில்லை. இது ரத்தத்தில் வருமா என்று மட்டும் கேட்டார். களவாணி வீட்டுக் காப்பியைப் பாதிவரை ருசித்துக் குடித்தவர், நோயாளி வீட்டில் மீதியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஸ்டெல்லா டம்ளரை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, ஜோசபின் மடியிலிருந்த பாண்ட்டை வாங்கி, தைத்த பையின் நூலைப் பல்லால் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.