எண் சொல்லாத மரம்

மூன் ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் கண்காட்சி என்றால் திறப்பு விழாவுக்கு ஏழு பேர் வருவார்கள். அதில் ஐந்து பேர் பலகாரத்துக்கு வந்தவர்கள். மறுநாளிலிருந்து ஈ காக்காய் இருக்காது. காவலாளி புன்மா ஏசி காற்றுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, பார்வையாளர் பதிவேட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவார்.

சிற்பப் பிரிவின் கடைசி ஆண்டு மாணவி ஜாரியாவுக்கு இது தெரியாத விஷயமில்லை. வீட்டிலும் வகுப்பிலும் அவளைக் கோப் என்றுதான் கூப்பிடுவார்கள். கோப் என்றால் தவளை. போன பருவத்தில் அவளுடைய இறுதிப் படைப்பை ஆஜான் விரோஜ் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி யாரு நிப்பா?" என்று கேட்டுவிட்டுத் தேறவில்லை என்று எழுதினார். ஆஜான் என்றால் வாத்தியார், அவர் எழுதினால் எழுதியதுதான். இந்தத் தடவையும் போய்விட்டால் பட்டமே கிடையாது. பட்டமளிப்பு விழாவுக்கென்று போன வருடமே தைத்த பட்டுச் சட்டைகளை அவள் அப்பாவும் அம்மாவும் மாதம் ஒருமுறை வெயிலில் காயப்போட்டு, தெருவே பார்த்த பிறகு மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தடவை கோப் ஒரு மரக்கட்டையைச் செய்திருந்தாள். தக்கியான் மரத்தின் பழைய கட்டையை ஆற்றிலிருந்து தூக்கினால் அதில் ஒரு அம்மன் குடியிருப்பாள், பவுடர் போட்டுத் தேய்த்தால் லாட்டரி எண் தெரியும் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். கோப் செய்தது நிஜக் கட்டையல்ல. பரிசு விழாமல் போன லாட்டரிச் சீட்டுகளை ஆறு மாதம் ஊறவைத்து அரைத்து, பசையும் மரத்தூளும் கலந்து அப்பிய காகிதக் கட்டை. உள்ளே வெறும் பொந்து. பக்கத்துச் சுவரில் அட்டை: 'எண் சொல்லாத மரம். ஆறு மாதம் ஊறவைத்து அரைத்த விழாத லாட்டரிச் சீட்டுகள், பசை, மரத்தூள். நீளம் 612, விட்டம் 47 செ.மீ. இந்த மரம் எதுவும் தராது. பிறகும் நாம் ஏன் வருகிறோம்?'

தேர்வு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வாளர்கள் உள்ளே வந்த முதல் கால்மணி நேரம் படைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. படைப்புத்தான் பேச வேண்டும். போன தடவை அந்தக் கால்மணி நேரமும் ஏசி மட்டும்தான் பேசியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வளாக வாசலில் பப்பாளிக்காய் இடித்து ஸோம்தாம் விற்கும் ஸோம்ஜித் பெரியம்மா, வெயில் தாங்காமல் கலைக்கூடத்துக்குள் ஒதுங்கினாள். அறுபது வயதில் அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தாள். கட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள், கைகூப்பினாள், இடுப்புப் பையிலிருந்து பவுடரை எடுத்துத் தேய்த்தாள். நான்கும் ஏழும் தெரிந்தன. நிமிர்ந்தால் சுவரில் கொட்டை எழுத்தில் 47. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று படித்தவர்கள் சொல்லலாம். பெரியம்மா அதிகம் படித்தவளல்ல, நேரே சந்தைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை புன்மாவால் தூங்க முடியவில்லை. வரிசை வாசல்படியைத் தாண்டி வாகன நிறுத்தம் வரை போனது. மீன் விற்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள், பொறியியல் மாணவர்கள் கூடத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கட்டைக்கு முன்னால் பூமாலையும் சிவப்பு சோடாவும் அம்மனுக்கு ஏழு நிறத்தில் பட்டுத் துணியும் கண்ணாடியும் லிப்ஸ்டிக்கும் குவிந்தன. அட்டையையும் விடவில்லை. எந்த வரியில் எண் ஒளிந்திருக்குமோ என்று எழுத்துக்கூட்டிப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கச் சொன்னார்கள். அந்தக் கூடம் கட்டிய நாள்முதல் ஒரு விளக்க அட்டையை இத்தனை பேர் படித்ததில்லை.

ஈரக்கை பட்டுக் கட்டையின் ஒரு முனை ஊறத் தொடங்கியிருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைகிறதே என்று கோப் வளாக வாசலுக்கு ஓடிப்போய் ஸோம்ஜித்தின் கையைப் பிடித்தாள்.

"பெரியம்மா, இது மரமே இல்ல. காகிதம். நான்தான் பசை போட்டுச் செஞ்சேன்."

"தெரியுமே. அட்டையில போட்டிருக்குல்ல."

"அப்புறம் எப்படி இதுல அம்மன் வருவா?"

"வீடில்லாம அலையறவ, சுவர் செங்கல்லா காகிதமான்னு தட்டிப் பாத்துட்டா குடிவருவா? போம்மா, வெயில்ல நிக்காத."

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? 'தொடாதீர்கள், இது கலைப்படைப்பு' என்று கோப் ஒரு பலகை எழுதி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பலகைக்கும் ஒரு மாலை விழுந்தது. ஆனால் அதன்பிறகு கட்டையில் ஈரக்கை வைப்பவர்களை வரிசையில் நின்றவர்களே அதட்டினார்கள். வியாழக்கிழமை ஸோம்ஜித் ஒரு வாளியும் துண்டும் கொண்டுவந்து வாசலில் வைத்து, கை கழுவித் துடைத்தவர்களைத்தான் உள்ளே விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோப் தூரிகையும் துணியுமாக வந்தாள். பத்து மணிக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தான் செய்ததைத் தான் செய்தபடியே காட்டிவிட வேண்டும். எதிர்ப்பார்களோ என்று பயந்துகொண்டுதான் கேட்டாள். பெரியம்மாவும் கூட இருந்த நான்கு பெண்களும் உடனே வேலையில் இறங்கினார்கள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலைகளை மடித்தார்கள், புட்டிகளைச் சுவரோரம் அடுக்கினார்கள், பவுடரைத் துடைத்தார்கள். அரை மணியில் கூடம் துப்புரவாகிவிட்டது.

கோப் தள்ளி நின்று பார்த்தாள். சாம்பல் நிறத் தரையில் நன்றாகச் செய்த ஒரு கட்டை கிடந்தது. போன பருவத்திலும் இப்படித்தான் ஒன்று கிடந்தது, அதற்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. மூன்று நாளாக அவள் விரட்டப் பார்த்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. தேர்வில் போனாலும் போகட்டும் என்று தோன்றியது, தோன்றியதும் பயமும் வந்தது.

"பெரியம்மா, மறுபடி எல்லாத்தையும் வச்சுடுங்க."

"எடுங்கற, வைங்கற. உனக்கே நிதானமில்ல, நீ அம்மனுக்கு வீடு கட்டிட்ட" என்றாள் ஸோம்ஜித். ஆனால் அதற்குள் ஒரு மாலை அவள் கையில் இருந்தது.

பத்து மணிக்கு விரோஜும் இன்னும் இரண்டு ஆஜான்களும் வந்தார்கள். வாசலில் இருந்த பெண்கள் வரிசையில் நில்லுங்கள் என்றார்கள், ஆஜான்கள் நின்றார்கள். செருப்பைக் கழற்றுங்கள் என்றார்கள், கழற்றினார்கள். விரோஜின் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. உள்ளே வந்தவர் கட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஓரமாக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற கோப்பைப் பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறக்கவும் வழியில்லை.

"இதுல எது உன் படைப்பு?" என்று அவர் கேட்டார். அவள் பேசக் கூடாது என்பது அவருக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

ஸோம்ஜித்துக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. "அவ வாய்ல கொழுக்கட்டையா? சரி, நான் சொல்றேன், ஆஜான்" என்று முன்னால் வந்தாள். "ஆறு மாசம் ஊறவச்சு அரைச்சிருக்கா. எல்லாம் விழாத சீட்டு. அதுல என்னோடதும் இருக்கும். எதுவும் தராது, பின்ன ஏன் வர்றேன்னு அட்டையில கேக்கறா. மூணு நாளா உரல்ல இடிச்சுக்கிட்டே யோசிக்கிறேன்."

"என்ன பதில் வந்துச்சு?"

"சீட்டு வாங்கினதுலேருந்து குலுக்கல் வரைக்கும் என் வீட்டுக் கூரை ஒழுகறதே இல்ல, ஆஜான். கூரைய மாத்தியாச்சுன்னு நினைச்சுக்கிட்டே தூங்குவேன். அதுக்குத்தான் வர்றேன்."

பின்னால் நின்ற மீன்காரர் அது தப்பு என்றார். தான் வருவது பணத்துக்கல்ல, இங்கே வந்தால் நான்கு பேரோடு பேசலாம் என்பதற்குத்தான் என்றார். அதற்கு இன்னொருத்தி மறுப்புச் சொன்னாள். ஒரு குமாஸ்தா இருவரையும் முட்டாள்கள் என்றார். விரோஜ் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டார். கால்மணி முடிந்து ஒன்றரை மணி நேரமும் ஓடிப்போனது. மற்ற இரண்டு ஆஜான்களில் ஒருவர் பவுடர் கையோடு, அது மூன்றா எட்டா என்று புன்மாவிடம் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் விரோஜ் எழுந்து, கோப்பிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடமே நீட்டினார். தேர்ச்சி. அதிலும் முதல் வகுப்பு. கோப் அதை மூன்று தடவை படித்தாள். கண் கலங்கியதால் நான்காவது தடவை படிக்க முடியவில்லை.

"என்ன, பாஸா?" என்று ஸோம்ஜித் கேட்டாள். கோப் தலையாட்டினாள்.

பெரியம்மா உடனே திரும்பிக் கட்டைக்கு முன்னால் மண்டியிட்டு மூன்றுமுறை கும்பிட்டாள். எழுந்து, புடவைத் தலைப்பைப் போல் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கூட வந்த பெண்களும் கட்டிக்கொண்டார்கள்.

"என்ன பண்றீங்க, பெரியம்மா?"

"நேர்த்திக்கடன். நான் நம்பரா கேட்டேன்? அது செவ்வாக்கிழமையோட சரி. இந்தப் பொண்ணு பாஸாகணும், பாஸானா ஆடறேன்னு வேண்டிக்கிட்டேன். நாங்க அஞ்சு பேரும்தான்."

இந்த மரம் எதுவும் தராது என்று தன் கையால் எழுதி ஒட்டிய அட்டையைக் கோப் திரும்பிப் பார்த்தாள். தனக்காக ஐந்து பேர் கட்டையிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள் என்பதிலேயே மனம் நிறைந்துவிட்டது. புன்மா தன் கைப்பேசியில் ஊர்ப்பாட்டைப் போட்டார். ஐந்து பெண்களும் மணிக்கட்டை மடக்கி ஆட ஆரம்பித்தார்கள். ஸோம்ஜித் ஆடிக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

கோப் தாளைப் பத்திரமாகப் பையில் மடித்து வைத்துவிட்டு, ஓட்டைக் காலுறையோடு நின்ற ஆஜான் விரோஜையும் இழுத்துக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினாள்.