ரிவர்ஸ் எடுக்காத வாரம்

கிடங்கு யார்டில் டிரெய்லர்களை இடம் மாற்றிப் போடுவது என் வேலை. வெளியூர் டிரைவர் கேட்டுக்குள் கொண்டுவந்து கழற்றிவிட்டுப் போவான். அதை நான் என் வண்டியில் மாட்டி இழுத்து, சரக்கு இறக்கும் கதவுக்கு நேராகப் பின்பக்கமாகத் தள்ளி ஒட்டி நிறுத்த வேண்டும். இறக்கியதும் மறுபடி இழுத்து வரிசையில் நிறுத்த வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதுதான். முன்னால் பார்த்து ஓட்டியதைவிடப் பின்னால் பார்த்து ஓட்டியது அதிகம். கழுத்து இடது பக்கம் திரும்பியே பழகிப்போய்விட்டது. படுத்தாலும் அப்படித்தான் கிடக்கிறது.

அப்படிப்பட்டவளுக்கு என் புருஷன் டுவேன் ஒரு டிரெய்லர் வாங்கி வந்தான். விடுமுறைக்காம்.

பழைய வண்டி, டிரக்கில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு மாதிரி. பின்னால் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை. நடுவில் மேசை, இரவில் அதை மடக்கினால் எங்களுக்குக் கட்டில். ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்தால் மற்றவர் வெளியே இறங்கி நிற்க வேண்டும். டுவேன் கூரை போடுகிறவன். வெயிலில் முட்டி போட்டு முட்டி போட்டு அவன் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வேலை இல்லாத பனிக்கால ஞாயிறுகளில் வாசலில் நிற்கும் அந்த டிரெய்லருக்குள் போய், ஹீட்டர்கூடப் போடாமல், கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்னய்யா பண்ணுகிறாய் என்று கேட்டால் சும்மா என்பான். அவனுக்கு அது என்ன கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவன் ஆசைப்பட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

போன கோடையில், என் விடுமுறை வாரத்தில், டிரெய்லரை நிறுத்தித் தங்குகிற இரண்டு கேம்ப் மைதானங்களுக்குப் போனோம். இரண்டு முறையும் ஒரே கதை. எங்களுக்கு ஒதுக்கிய இடத்தின் வாய் வரைக்கும் டுவேன் ஓட்டிவந்துவிடுவான். அப்புறம் பின்னால் எடுக்கப் பார்ப்பான். டிரெய்லர் ஒரு பக்கம் போகும், இவன் ஒரு பக்கம் போவான். கடைசியில் இறங்கி நின்று என்னைப் பார்ப்பான். நான் சுற்றிப் போய் ஏறி ஒரே தள்ளில் உள்ளே போட்டுவிடுவேன். கேம்ப் மைதானத்தில் சாயங்காலப் பொழுதுபோக்கே அதுதான். மடக்கு நாற்காலியைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டு, கையில் பீரோடு, புதிதாக வருகிறவன் எப்படி நிறுத்துகிறான் என்று பார்ப்பார்கள். என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருத்தன் டுவேனிடம், "உன் பொண்டாட்டிய ஒரு வாரம் வாடகைக்கு விடுப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். பாத்திரம் கழுவியதற்குக் கைதட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்தப் பயணம் முடிந்து வந்து, மணல் ஒட்டிய துணியையெல்லாம் இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவனிடம் சொன்னேன். வருஷம் முழுக்க உழைத்தால் எனக்குக் கிடைப்பது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்திலும் டிரெய்லரா?

"அடுத்த வருஷம் வர்றேன். ஆனா ஸ்டியரிங்கத் தொட மாட்டேன். பின்னால நின்னு கையும் காட்ட மாட்டேன். தொட வெச்சியோ, வீட்டுக்கு வந்ததும் இதை வித்துடணும்."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "சரி" என்றான்.

அவன் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கனமான சாமானையெல்லாம் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு ஒட்டி அடுக்கக் கற்றுக்கொண்டான். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தட்டு கழுவுகிற வேலையே வேண்டாம் என்று காகிதத் தட்டு கட்டுக்கட்டாக வாங்கினான். முதல் நாள் சாப்பாட்டை வீட்டிலேயே செய்து உறைய வைத்து எடுத்துக்கொண்டான். தண்ணீர்க் குழாய் மாட்டுவது பெரியவள் ஷெல்பி வேலை, நாற்காலி விரிப்பது சின்னவன் வேட் வேலை என்று பிரித்துக் கொடுத்தான். ரிவர்ஸ் மட்டும் பழகவில்லை. ஏதாவது ஒரு கடை மூடிய பிறகு அதன் வாகன நிறுத்தத்தில் வாளிகளை அடையாளமாக வைத்துப் பழகுவதாகத்தான் திட்டம். மே மாதம் ஆலங்கட்டி மழை பெய்து ஊரில் பாதிக் கூரை ஓட்டையாகிவிட்டது. அப்புறம் அவனுக்கு ஞாயிறும் கிடையாது, வாளியும் கிடையாது.

ஏரிக்கரையிலேயே இடம் பிடித்திருந்தான். கடும் பனிக்காலத்தில், பதிவு திறந்த நிமிஷமே கணினி முன்னால் உட்கார்ந்து பிடித்த இடம். படுக்கையிலிருந்தே அலை தெரியும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வைத்திருந்தான். பெரிய பாலம் தாண்டி வடக்கே போகப் போக அவர்கள் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நேராக ஓட்டுவதில் டுவேனைக் குறை சொல்ல முடியாது. பாலத்தின் மேல் காற்று அடித்தபோதுகூட நிதானமாக வந்தான்.

இடத்தைப் பார்த்ததுமே இவனால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஏரியின் படத்தைப் பார்த்துப் பதிவு செய்தவன், இடத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. உள்பாதை ஒருவழிப் பாதை. இடம் வலது பக்கம். டிரைவர் இருப்பது இடது பக்கம். டிரெய்லரின் பின்பக்கம் திரும்பத் தொடங்கியதும் வலது கண்ணாடியில் அதன் சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது. யார்டில் இதைக் குருட்டுப் பக்கம் என்போம். போதாததற்கு ஒரு ஓரம் பைன் மரம், மறு ஓரம் மின்கம்பம். எனக்கு இரண்டு தள்ளு போதும். அதை நினைக்கவே கூடாது என்று என் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் ஏரியோரம் போட்டு, பாதைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

பார்க்காமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தது தப்பு. காது இருக்கிறதே. சரளைக் கல்லில் டயர் உருளும் சத்தத்தை வைத்தே அவன் எவ்வளவு திருப்புகிறான் என்று தெரிந்தது. தேவைக்கு மேல் திருப்புகிறான். டிரெய்லர் மடங்கியதும், டிரக்கோடு அதை இணைக்கிற கொக்கி கிறீச்சிட்டது. நிறுத்து என்று மனசுக்குள் சொன்னேன். நிறுத்தினான். முன்னால் போனான். மறுபடி அதே.

இங்கேயும் வேடிக்கை பார்த்த நாற்காலிக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். கிளென் என்று ஒரு கிழவர், பக்கத்து இடத்துக்காரர், ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்றார். நல்ல யோசனைதான், ஆனால் அது நேராகத் தள்ளும்போது சொல்ல வேண்டியது. இன்னொருத்தன் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னான். மூன்றாமவன் மரத்தை மறந்துவிட்டுக் கம்பத்தைப் பார் என்றான். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் குழம்பாதவன் யார்? பாதையில் பின்னால் வந்த வண்டிகள் நின்றுவிட்டன. ஒருத்தன் ஹார்ன்கூட அடித்தான்.

கிளெனின் மனைவி என்னிடம் நடந்து வந்தாள். நல்ல மனுஷிதான். அவர்களும் முதலில் இப்படித்தான் கஷ்டப்பட்டார்களாம். இப்போதெல்லாம் அவள் பின்னால் நின்று போனில் சொல்வாளாம், அவர் ஓட்டுவாராம், ஒரு சண்டை கிடையாதாம். "பின்னால ஒரு ஆள் நின்னா அவருக்கு எவ்வளவு ஒத்தாசையா இருக்கும்மா" என்றாள். நான் விடுமுறையில் இருக்கிறேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இங்கே எல்லோரும் விடுமுறையில்தானே இருக்கிறார்கள்.

அப்புறம் ஷெல்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, ப்ளீஸ்மா. நீ போனா ஒரே நிமிஷம். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"அப்பா பாவம்மா."

அப்பா பாவம்தான். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், "உனக்குத் தெரிஞ்சும் செய்ய மாட்டேங்குற" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டிரெய்லரின் மூலை டிரக்கின் பின்பக்கத்தில் போய் முட்டி, தகரம் மடங்கும் சத்தம். ரொம்பப் பெரிய சத்தம் இல்லை. ஆனால் யோசனை சொன்ன மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எஞ்சின் நின்றது. கதவு திறந்தது. டுவேனின் பூட்ஸ் சரளையில் நடந்துபோவது கேட்டது. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற ரேஞ்சரின் சின்ன வண்டி வந்து நின்றதும் கேட்டது. ஏதோ பேசினார்கள். அப்புறம் பூட்ஸ் என்னை நோக்கி வந்தது.

இதோ கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். முடியாது என்று சொல்லத்தான் ஒரு வருஷமாகத் தயாராக இருந்தேன். அந்த நேரம் சொல்லியிருப்பேனா என்று சத்தியமாகத் தெரியாது. என் கால்கள் எழுந்திருக்கத் தயாராகத்தான் இருந்தன.

அவன் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, ஏரியைத்தான் பார்த்தான். காதுமடல் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"நோரீன், சேரை மடிச்சிக்கோ."

"எதுக்கு?"

"கீழ ஒரு இடம் காலியா இருக்காம். நேரா உள்ள போயி நேரா வெளிய வந்துடலாம். ரிவர்ஸே வேண்டாம். ரேஞ்சர்ட்ட மாத்திக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."

"எங்க?"

"கழிவு கொட்டுற இடத்துக்குப் பக்கத்துல."

"ஏரி?"

"அங்கேருந்து தெரியாது." சற்றுப் பொறுத்து, "பிள்ளைங்களுக்கு சைக்கிள் இருக்கு" என்றான்.

பனிக்காலம் முழுக்க அந்த டிரெய்லருக்குள் உட்கார்ந்து அவன் என்ன பார்த்தானோ, அதில் இந்தக் கழிவுத் தொட்டி இருந்திருக்காது. நான் நாற்காலியை மடித்தேன்.

நாங்கள் கிளம்பியதும் பாதையில் காத்திருந்தவன் அந்த ஏரிக்கரை இடத்தை வாங்கிக்கொண்டான். பாதி தூரம் போவதற்குள் பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. வேட் ஜன்னலில் முகத்தை வைத்துத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஷெல்பி யாரிடமும் பேசவில்லை.

புதிய இடத்தில் ஒரு மரம்கூட இல்லை. வெள்ளைச் சரளை, அதன் மேல் வெயில். ஊருக்குத் திரும்புகிறவர்கள் வரிசையில் வந்து, குழாயை மாட்டி, டிரெய்லரின் கழிவறைத் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் என்ன கொட்டுகிறார்கள் என்று தெரியும். டுவேன் நேராக உள்ளே ஓட்டினான், நிறுத்தினான். யாரும் பார்க்கவில்லை.

நான் மறுபடி முதுகு காட்டி உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். வேட் உள்ளே போய் மேல் படுக்கையில் உம்மென்று படுத்துவிட்டான். டுவேன் கொக்கியின் சங்கிலியைக் கழற்றுவது கேட்டது. ஜாக்கியைச் சுற்றத் தொடங்குவது கேட்டது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தட்டி இறுக்கும் சத்தம். தரையோ கழிவுத் தொட்டிப் பக்கமாகச் சரிந்திருந்தது. எங்கள் யார்டில் கட்டை வைக்காமல் கொக்கியைக் கழற்றுகிறவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை அப்படிக் கழன்று உருண்ட டிரெய்லர் சுவரில் ஒரு கதவளவு ஓட்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

"டுவேன், சக்கரம்."

ஜாக்கி சுற்றுவது நின்றது. பிறகு கட்டைகளைத் தட்டும் சத்தம், ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். அவன் சுற்றி வந்து என் முன்னால் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பையன் உள்ள இருந்தான்" என்றான்.

"தெரியும்."

"இதுவும் கணக்குல வருமா?"

"வாய்தான் பேசுச்சு. கையால எதையும் தொடலையே."

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனேன். வாயைத் திறந்துகொண்டு, வெட்டவெளியில், மத்தியான வெயிலில், யார் யாரோ மலத்தொட்டியைக் காலி செய்துகொண்டிருக்கிற இடத்தில். அப்படி ஒரு தூக்கம் தூங்கி வருஷக்கணக்காகிறது. கழுத்து எந்தப் பக்கம் கிடந்தது என்றுகூடத் தெரியாது.

எழுந்தபோது என் முகத்துக்கு நிழல் விழும்படி நாற்காலிக்கு மேலே தார்ப்பாயைக் கட்டியிருந்தான். பிள்ளைகள் ஏரிக்குப் போய் நனைந்து திரும்பி, டவலைச் சுற்றிக்கொண்டு சைக்கிளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் உயிர் போகிற குளிர் என்று வேட் சொன்னான். ஷெல்பி என்னிடம் இன்னும் பேசவில்லை, ஆனால் தன் ஈர டவலை என் நாற்காலி முதுகில்தான் காயப் போட்டாள். டுவேன் சாஸேஜ் சுட்டுக்கொண்டிருந்தான். பாதி கருகிவிட்டது.

காகிதத் தட்டை என்னிடம் நீட்டியவன் அங்கேயே நின்றான். ஊருக்குப் போனதும் வண்டியை வாங்கிக்கொள்ள ஒருத்தன் இருக்கிறான், கூரை வேலையில் கூட இருக்கிறவன்தான், மூலை நசுங்கியிருந்தாலும் எடுத்துக்கொள்வான் என்றான். அவனாகவே சொன்னான். நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டு, குளிர்காலத்தில் தேவாலயத்து வாகன நிறுத்தம் காலியாகத்தான் கிடக்கும், பழகியிருக்கலாம் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான்.

ஒரு கடி கடித்தேன். கரி வாசனை. பசிக்கு நன்றாகத்தான் இருந்தது.

"அடுத்த வருஷமும் நேரா ஓட்டிப் போற இடமாவே போடு" என்றேன். "ஆனா மரம் இருக்கான்னு பாத்துப் போடு."

அவன் பதில் சொல்வதற்குள் தொட்டிப் பக்கம் அடுத்தவன் குழாயை மாட்டினான். காற்று திரும்பியது. எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.