கதிர் இருக்கா?

போலந்து தேசத்தில் இயந்திரங்களுக்குப் பயப்படாத ஒரே மனிதன் லேஷெக்தான். இதை அவனே சொல்லுவான்: பியர்க் கடையில், மாமனார் வீட்டு விருந்தில், ஒருமுறை தேவாலய மணிக்கூண்டில் ஒயர் மாற்றிக்கொண்டே பாதிரியாரிடமும். தொழில் எலக்ட்ரீஷியன். மின்சாரம் நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, இவனிடம் பலிக்காது என்று விட்டுவிட்டதாம்.

மனைவி டோரோட்டா நேர் எதிர். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் ஒரே கேள்வி: "இதுல கதிர் இருக்கா?" காரணம், எட்டு வயது யாகோடா. மற்றவர்கள் உடம்பில் கதிர் பட்டு மரபிழை, அதாவது டி.என்.ஏ., அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். யாகோடாவின் உடம்புக்குப் பிறவியிலேயே அந்த வேலை சரியாகத் தெரியாது. அம்மாவிடம் ஒரு குறை, அப்பாவிடம் அதே குறை, இரண்டையும் சேர்த்து வாங்கிப் பிறந்தவள். போன கோடையில் கழுத்தில் நெறி கட்டியது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். வார்சா பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தையே மற்ற பிள்ளைகளுக்குத் தருவதைவிடக் குறைத்துத்தான் ஏற்றினார்கள். எக்ஸ்ரே, சி.டி. பக்கம் போகவே வேண்டாம், வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய என்று சொல்லி அனுப்பினார்கள்.

டோரோட்டா அதைக் கடைக் கல்லாவரைக்கும் கொண்டுபோனாள். பால் பாக்கெட்டின் விலைக்கோட்டைப் படிக்கும் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக் கேட்டே விட்டாள். லேஷெக்குக்கு ஒரு மாதத்துக்கான கதை கிடைத்தது.

"நாளைக்கு முட்டைக்கோஸையும் நிறுத்தி விசாரிப்பா பாருங்க."

"சிரி, நல்லா சிரி," என்றாள் டோரோட்டா. "ஒரு நாள் நீ தனியா மாட்டுவே."

மாட்டிய நாள் ஒரு வியாழன். டோரோட்டா பேக்கரி வேலைக்குப் போன பிறகு யாகோடாவுக்குக் காய்ச்சல், இருமல். காய்ச்சல் வந்தால் பக்கத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது வார்சாவின் கட்டளை. ஓடினான். டோரோட்டாவுக்குப் போன் போட்டான்; அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். இளம் டாக்டரம்மா அவசரமாகச் சொன்னாள்: "நெஞ்சை ஒரு படம் எடுத்துடலாம். ஒரு நிமிஷம்தான்."

"எக்ஸ்ரேவா?"

"ஆமா சார். எல்லாருக்கும் எடுக்கறதுதான்."

"எல்லார் உடம்பும் தச்சுக்கும் டாக்டர். இவளுக்குத் தைக்கத் தெரியாது."

டாக்டர் நிமிர்ந்தாள். "நீங்க டாக்டரா?"

"எலக்ட்ரீஷியன்."

"நிமோனியா இருந்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

படம் எடுத்தாலும் ஆபத்து, எடுக்காமல் ஏதாவது தவறிப்போனாலும் ஆபத்து. மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். "வார்சாவுக்கு ஒரு போன் போடுங்க. அதுவரைக்கும் இவள நான் கீழே விட மாட்டேன்."

மகள் அவன் தோளில் சூடாக மூச்சு விட்டாள். ஐந்து வயதுக் குழந்தையின் எடைதான் இருந்தாள்.

டாக்டர் பேசிவிட்டு வந்தபோது குரல் மாறியிருந்தது. முதலில் கிருமிக்கு மருந்து, நெஞ்சுக்கு ஸ்கேன், ஒலியால் பார்க்கிற ஸ்கேன். வலது நுரையீரலின் அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. மருந்து கேட்கிறதா என்று நாளை தெரியும் என்றாள்.

யாகோடா தூங்கிவிட்டாள். நர்ஸ் நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வந்தாள். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று லேஷெக்குக்கு அக்கக்காகத் தெரியும்; இரண்டைக் கழற்றி மாட்டியிருக்கிறான்.

யாராவது பார்க்கிறார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மகளின் நெற்றிக்கு முன்னால் கையை நீட்டி மறித்து, நர்ஸிடம் மிக மெல்ல டோரோட்டாவின் கேள்வியைக் கேட்டான். கருவியின் சிவப்புப் புள்ளி அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.