நீலச் சட்டி

அன்று காபி குடிக்க வந்த ஸ்தோயாவின் கையில் நீலச் சட்டி இருந்தது. ஹன்கா கவனித்தாள், கேட்கவில்லை. இருவரும் வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து சர்க்கரைக் கட்டியைக் காபியில் தோய்த்துக் கடித்தார்கள். பிளம் மரங்கள் பூத்திருந்தன. பனி விழுந்தால் காய் பிடிக்காது என்றாள் ஸ்தோயா.

அந்தச் சட்டி ஸ்தோயா வீட்டு அடுப்புக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். பன்றிக் கொழுப்பு படாத சட்டி. ஹன்காவும் அவள் கணவன் ராமிஸும் சாப்பிட வரும் நாளில் மட்டும் கீழே இறங்கும். அந்த மலைப்பக்கத்தில் கிறிஸ்தவச் செர்பியர் வீடுகளில் முஸ்லிம் அண்டைவீட்டாருக்கென்று இப்படி ஒன்று இருப்பது சகஜம். அதை வைத்தே ராமிஸைச் சீண்டுவாள் ஸ்தோயா. "பிராந்தி ஊத்துறப்போ வராத மதம், சட்டியப் பாத்ததும் வந்துருது உன் வீட்டுக்காரருக்கு."

காபி முடிந்து எழுந்த ஸ்தோயா சட்டியை மேசையில் வைத்தாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டி."

"ஏன்க்கா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்." முகம் பார்க்காமல் போய்விட்டாள்.

இனி சாப்பிட வராதே என்கிறாளா, தான் என்ன தப்பாகப் பேசினோம் என்று ஹன்கா இரவெல்லாம் யோசித்தாள். யுகோஸ்லாவியாவிலிருந்து ஸ்லோவேனியா பிரிந்து, குரோவேஷியா பிரிந்து, இப்போது போஸ்னியாவும் பிரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் ஊர் ஒன்று எரியும் புகை தெரிந்தது. துஸ்லா நகரத்திலிருந்து ராமிஸின் அண்ணன் புறப்பட்டு வரச்சொல்லி ஓயாமல் போன் செய்துகொண்டிருந்தார். வியாழக்கிழமைப் பேருந்தில் கிளம்புவதாக மூட்டைகூடக் கட்டியாயிற்று.

"மனஸ்தாபத்தோட வீட்டப் பூட்டிட்டுப் போக முடியாது. சனிக்கிழமை போலாம்," என்றாள்.

"ஒரு சட்டிக்காக சண்டை நின்னு காத்துட்டிருக்குமா?" என்று ராமிஸ் சிரித்தான். ஆனால் மூட்டையை முதலில் பிரித்தவன் அவன்தான். மர அறுவை ஆலையில் ரம்பத்தின் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் ஸ்தோயாவின் கணவன் ஒப்ரென். இத்தனை வருடம் அப்படியே போயிருந்தது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. வியாழன் முழுக்க ஹன்கா புளித்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் பொதிந்து, அந்தச் சட்டியிலேயே வேகவைத்தாள். பேருந்து திருப்பத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மாலையில் சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினாள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னலில் திரை இல்லை. நாயின் சங்கிலி மட்டும் தரையில் கிடந்தது. கோழிகள் அவள் காலைச் சுற்றி வந்தன. மலைச்சரிவில் மேலே பார்த்தாள். செர்பியர் வீடு எதன் புகைபோக்கியிலும் புகை இல்லை.

ஈஸ்டர் வருகிறது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றான் ராமிஸ்.

"மெத்தையத் தூக்கிட்டா ஈஸ்டருக்குப் போவாங்க?"

சட்டியை நடுவில் வைத்து இருவரும் ஆறிப்போனதைச் சாப்பிட்டார்கள்.

விடிந்ததும் செர்பியப் படையின் ஜீப்பில் ஒலிபெருக்கி வந்தது. ஆண்கள் ஆலை முற்றத்துக்கு வரவேண்டும், பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பலாம். ஆலை வாசலில் ஒப்ரென் சீருடையில், துப்பாக்கியோடு, தரையைப் பார்த்து நின்றான்.

"ஒப்ரென் இருக்கான், பயப்படாத," என்று சொல்லிவிட்டு ராமிஸ் உள்ளே போனான். பெண்களை லாரியில் ஏற்றினார்கள்.

யுகோஸ்லாவியா என்ற பெயர் போய்ப் பல வருடம் கழித்து, கல்குவாரிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் ராமிஸின் எலும்புகள் கிடைத்தன. அவனை அடக்கம் செய்துவிட்டு, கூரையில்லாத தன் வீட்டைச் சீர்செய்ய ஹன்கா திரும்பி வந்தாள். ஒப்ரென் அதற்குள் செத்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்தோயா காபிக்குக் கூப்பிட்டாள். ஹன்கா வெகுநேரம் நின்றாள். பிறகு போனாள்.

ஸ்தோயா காபியை ஊற்றினாள்.

"வாயத் தொறந்தா நம்ம வீட்டையும் கொளுத்துவாங்கன்னு ஒப்ரென் சொல்லிட்டான். சட்டியக் குடுத்தா, கெளம்பணும்னு நீ புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்."

"கோவம்னு நெனச்சேன்," என்றாள் ஹன்கா. "சமாதானம் பண்ணிட்டுப் போலாம்னு இருந்துட்டோம்."

ஸ்தோயா தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹன்கா அவளைத் தேற்றவில்லை. காபியையும் தொடவில்லை. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடுப்புக்கு மேலே அந்த ஆணி அப்படியே இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.